கைநாட்டு யாருடைய குறை?

நம் பங்குகளில் பாதுகாக்கப்பட்டுவரும் பழைய திருமண ஏடுகளைப் புரட்டுவோர் ஒன்றைக் காணத் தவறார். மணமக்களும் சாட்சிகளும் கையொப்பமிட வேண்டிய இடத்தில், மையில் தோய்ந்த பெருவிரல் ரேகைகள் பல பதிந்திருக்கும். ஒவ்வொன்றின் அருகிலும் "இன்னார் கைநாட்டு" என்று எழுதப்பட்டிருக்கும். எழுதியவர் பெரும்பாலும் உபதேசியாராகவோ ஆசிரியராகவோ இருப்பார். தம் வாழ்வின் மிகப் பெரிய நாளன்று தம் பெயரைத் தாமே எழுத இயலாமல், பிறர் எழுதித் தர நின்ற மக்கள் அவர்கள். அவ்வேடுகளில் ஆண்டுகள் செல்லச் செல்ல ரேகைகள் குறைந்து கையொப்பங்கள் பெருகுகின்றன. ஆனால் ரேகைகள் அறவே மறைந்துவிட்டன என்று சொல்வதற்கில்லை.

தமிழில் இதற்கென ஒரு சொல் உண்டு: தற்குறி. கையொப்பத்துக்கு ஈடாக ஒருவர் தமக்கென இடும் குறி என்பதே அதன் பொருள். நாளடைவில் அது குறியை விட்டு, குறியிட்டவர் மேல் தாவிற்று. பின்னர் வசைச்சொல்லாகவே ஆயிற்று. எழுத்தறியாமையைத் தனி மனிதரின் குறையாக, ஏறக்குறைய அவருடைய குற்றமாகவே நம் சமுதாயம் எண்ணிவந்திருக்கிறது என்பதற்கு இந்த ஒரு சொல்லே போதிய சான்று.

குறை அவருடையதுதானா? நம் குடும்பங்களையே எண்ணிப் பார்ப்போம். ஐந்து பிள்ளைகள் இருந்த வீட்டில் மூத்த பெண் பள்ளிக்குச் செல்லவில்லை. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவள் இடுப்பில் சுமந்து வளர்த்த தம்பி படித்து அலுவலகம் சென்றான். தம்பியின் படிப்புக்கு விலை கொடுத்தவள் அக்காள். ஊரிலும் நிலை இதுவே. நம்மில் பட்டம் பெற்றோர் பயின்ற பள்ளிகளும் கல்லூரிகளும் பெரும்பாலும் மக்கள் வரிப்பணத்தால் நடந்தவை. எழுதப்படிக்க அறியாத தாயும் தாம் வாங்கும் சோப்புக்கட்டிக்கும் தீப்பெட்டிக்கும் வரி செலுத்துகின்றார். ஆகவே முதியோருக்கு எழுத்தறிவிக்கும் பணியை ஏழைகளுக்கு நாம் செய்யும் தருமம் என்று கொள்வது பொருந்தாது. அது திருப்பிச் செலுத்தவேண்டிய கடன். காலம் கடந்து நிற்கும் கடன்.

கடனின் அளவைக் காட்டச் சில எண்கள் போதும். 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் எழுதப்படிக்க அறிந்தோர் நூற்றுக்கு 18 பேர். பெண்களுள் நூற்றுக்கு ஒன்பதின்மர்கூட இல்லை. அந்நிலையிலும் நம் அரசியலமைப்பு வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. எழுத்தறியாதவருக்காக 1951-52 பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு சின்னமும், அச்சின்னம் ஒட்டிய தனிப்பெட்டியும் வைக்கப்பட்டன. பிரேசில் நாட்டில் எழுத்தறியாதோருக்கு வாக்குரிமை கிடைக்க 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்வகையில் நம் முன்னோர் பெருந்தன்மையோடு நடந்துகொண்டனர் எனலாம். ஆயினும் வாக்கைக் கையில் தந்துவிட்டு எழுத்தைத் தரப் பல பத்தாண்டுகள் தாமதித்தோம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏழு வயதுக்கு மேற்பட்டோருள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80 பேர். எஞ்சியோரைத் தலையெண்ணிப் பார்த்தால் ஏறத்தாழ 1 கோடியே 29 லட்சம் பேர். இவர்களுள் பெரும்பகுதியினர் பெண்கள்.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1967ஆம் ஆண்டில் மக்களினங்களின் முன்னேற்றம் குறித்து எழுதிய சுற்றுமடலில், கல்விப் பசியை வயிற்றுப் பசிக்கு இணையாகவே வைத்துப் பேசினார். எழுத்தறியாதவரின் உள்ளம் ஊட்டமின்றி வாடுகிறது என்பது அவர் கருத்து. பசித்தவரைக் கண்டால் நாம் அவரைக் குறைகூறுவதில்லை. சமையற்கட்டை நோக்கி நடக்கிறோம். எழுத்துப் பசிக்கு அவ்வாறு நடந்தோமா என்பதே கேள்வி.

ஊரே பள்ளியான கதை

ஒருமுறை நடந்தோம். அவ்வரலாறு நம் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டியது.

1978ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் மைய அரசு தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டத்தைத் தொடங்கிற்று. சிறு மதிப்பூதியம் பெறும் ஓர் ஆசிரியர், ஒரு விளக்கு, ஒரு கரும்பலகை என ஊர்தோறும் இரவு மையங்கள் திறக்கப்பட்டன. பல இடங்களில் உண்மையான உழைப்பு இருந்தது. வேறு பல இடங்களில் பதிவேட்டில் மட்டுமே மாணவர் இருந்தனர். அது ஆசிரியரின் வேலையாகவே நின்றுவிட்டது. ஊரின் வேலையாக மாறவில்லை. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் பிறந்தபின், வேறொரு வழியைக் காட்டியது கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் மாவட்ட நிருவாகமும் கைகோத்து, ஊதியம் பெறாத தொண்டர்களை ஆயிரக்கணக்கில் திரட்டின. 1990 பிப்ரவரி 4ஆம் நாள் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கோழிக்கோட்டில், கேரள மாநிலமே அந்நிலையை எய்தியதாக அறிவித்தவர் அமைச்சர் அல்லர். மலப்புறம் மாவட்டத்தைச் சேர்ந்த சேலக்கோடன் ஆயிஷா என்னும், அப்போதுதான் எழுத்தறிந்த முதிய பெண்மணி.

எர்ணாகுளத்தில் நடந்த ஒன்றை இங்கே தனியே குறிக்கவேண்டும். பாடம் தொடங்கிச் சில நாட்களில் முதியோர் பலர் பின்வாங்கினர். மனமில்லை என்று எண்ணியவர்கள், விசாரித்தபோது உண்மையை அறிந்தனர்: பலருக்கு அருகிலுள்ள எழுத்தே தெரியவில்லை! நாற்பது வயதைக் கடந்தோருக்கு வெள்ளெழுத்து வருவது இயற்கை. வாழ்நாளில் நூலையே தொடாதவர் அக்குறையை உணர்ந்திருக்க நியாயமில்லை. உடனே கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்து, பொதுமக்களிடம் கண்ணாடிகளை நன்கொடையாகத் திரட்டி ஆயிரக்கணக்கில் வழங்கினர். எழுத்தறிவித்தல் ஆசிரியர் ஒருவரால் முடியாத காரியம் என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடைப்பது அரிது.

தமிழகத்தில் இப்பணி அறிவொளி இயக்கம் என்னும் பெயரால் நடந்தது. அதில் மிகுதியாகப் பேசப்பட்டது புதுக்கோட்டை. 1974இல் உருவான, மழையை நம்பி வாழும் வறண்ட மாவட்டம் அது. 1991இல் ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் ஊக்கத்துடன் முன்னின்றார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் உடனிருந்தனர். கலைக்குழுக்கள் ஊர் ஊராகச் சென்று வீதி நாடகம் நடத்தின, பாடல்கள் பாடின. அதன் பின்னரே பாடநூல் வந்தது. பகலெல்லாம் வயலிலும் கல்குவாரியிலும் உழைத்துத் திரும்பி, உலை வைத்து, பிள்ளைகளைத் தூங்கவைத்தபின் பெண்கள் அரிக்கேன் விளக்கைச் சுற்றி வந்தமர்ந்தனர். கற்பித்தோரும் பெரும்பாலும் அதே ஊர்களின் இளம்பெண்கள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தவர்கள். அவர்களுக்கு ஊதியம் கிடையாது. ஒரு தொண்டருக்குப் பத்துப் பேர் என்பது பொதுவான கணக்கு.

பாடநூல் அகரத்தில் தொடங்கவில்லை. "பட்டா", "படி" என்னும் சொற்களில் தொடங்கிற்று. நிலத்துக்குப் பட்டா வேண்டும், அதற்குப் படிக்க வேண்டும் என்று பேச்சை வளர்த்து, அச்சொற்களிலிருந்தே எழுத்துகளைப் பிரித்துக் காட்டினர். பிரேசிலின் பாவுலோ பிரெய்ரே 1963இல் அங்கிகோஸ் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ முந்நூறு உழைப்பாளருக்கு நாற்பது மணி நேரத்தில் எழுத்தறிவிக்க முனைந்தபோது கையாண்ட முறையும் இத்தகையதே. கற்போரின் அன்றாட வாழ்வில் புழங்கும் சொல்லைத் தேர்ந்து, முதலில் அதைப்பற்றி உரையாடி, பிறகே எழுத்துக்கு வருவார். மறு ஆண்டில் ஆட்சியைப் பிடித்த படைத்துறையினர் அவரைச் சிறையிலிட்டனர். பின்பு அவர் நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. எழுத்தறிவை வெறும் எழுத்தாக ஆட்சியாளர் கருதவில்லை போலும்.

தேர்ச்சிக்கென வகுக்கப்பட்ட அளவும் சுவையானது. நிமிடத்துக்கு 30 சொற்களை உரக்கப் படிக்கவேண்டும். மௌனமாக 35 சொற்கள். பார்த்து எழுதுவது 7 சொற்கள். பிறர் சொல்லக் கேட்டு எழுதுவது 5. நூறு வரை எண்கள், சிறு கணக்குகள். நிமிடத்துக்கு ஐந்து சொற்களா என்று நாம் நகைக்கக்கூடும். கடப்பாரை பிடித்துக் காய்த்துப்போன விரல்களுக்கு எழுதுகோல் எவ்வளவு மெல்லிய கருவி, அதைப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை அருகிருந்து பார்த்தவர்கள் நகைப்பதில்லை.

புதுக்கோட்டையில் எதிர்பாராத ஒரு துணைப்பாடமும் சேர்ந்துகொண்டது. மையங்களுக்கும் கூட்டங்களுக்கும் போய்வரப் பெண்களுக்கு வாகனம் இல்லை. பேருந்து வரும் ஊர்கள் சில. ஆகவே பெண்களுக்குச் சைக்கிள் விடக் கற்றுக்கொடுப்பதும் இயக்கத்தின் பகுதியாயிற்று. தொடக்கத்தில் ஏளனப் பேச்சுகள் எழுந்தன. 1992ஆம் ஆண்டு அனைத்துலக மகளிர் நாளன்று 1500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்தபடி புதுக்கோட்டை நகருக்குள் வந்தபோது ஊரே திகைத்து நின்றது. இதழாளர் பி. சாய்நாத் இதை நேரில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பெண்களுக்கான சைக்கிளை விட ஆண்கள் சைக்கிளையே பல தாய்மார் விரும்பினராம். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே உள்ள கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் அல்லவா? தண்ணீர்க் குடமும் விளைபொருளும் குழந்தையும் சைக்கிளில் ஏறின. ஆண் துணையை எதிர்பார்த்துக் காத்திருந்த பொழுது மிச்சமாயிற்று. இதே காலத்தில் குவாரித் தொழிலாளிகளான பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுக்கவும் வழி பிறந்தது. ஒப்பந்தக்காரரிடம் கூலிக்குக் கல்லுடைத்தவர்கள் கணக்கு எழுதத் தொடங்கினர். எழுத்தும் வாழ்வும் ஒன்றையொன்று தொட்ட இடம் இது.

"கையெழுத்துப் போடத்தானே கற்றார்கள்?" என்று பிற்காலத்தில் சிலர் குறைகூறினர். இக்குறையில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் கையெழுத்தை அற்பமாக எண்ணுவது நாள்தோறும் கையொப்பமிடும் நமக்கு எளிது. புதுக்கோட்டையில் பல்லாண்டு ஆய்வு செய்து 2013இல் நூல் வெளியிட்ட மானிடவியல் அறிஞர் பிரான்சிஸ் கோடி, ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்கள் தங்கள் ஊர்த் தேவைக்காக ஆட்சியரிடம் அளித்த மனு ஒன்றைப்பற்றி விரிவாக எழுதுகிறார். அம்மனுவில் அவர்கள் கைநாட்டு வைக்கவில்லை. ஒவ்வொருவராகப் பெயரை எழுதினர். பிறர் கையைப் பிடித்து மையில் தோய்த்துத் தாளில் அழுத்துவது வேறு. தாமே எழுதி நிமிர்வது வேறு.

இன்று இதில் ஒரு விந்தை. பெருவிரலை மையிலிருந்து மீட்டு எழுதுகோலைப் பிடிக்கவைத்தோம். இப்போது நியாயவிலைக் கடையில் விரல்ரேகைக் கருவியின்மேல் கற்றவரும் கல்லாதவரும் மீண்டும் பெருவிரலை வைக்கிறோம். உழைத்துத் தேய்ந்த ரேகையைக் கருவி ஏற்காதபோது திகைத்து நிற்பவர் பெரும்பாலும் அந்தத் தாய்தான்.

விளக்கு அணைந்த பின்

1992இல் புதுக்கோட்டையும் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு ஒரு திருவிழா. திருவிழா முடிந்த மறுநாள் கொட்டகையைப் பிரிப்பதுபோல், பல இடங்களில் மையங்கள் மெல்ல ஓய்ந்தன. முன்னின்ற அதிகாரிகள் மாறுதலாகிச் சென்றனர். தொண்டர்களான பெண்கள் திருமணமாகி வேறூர் சென்றனர். குவாரிகளில் ஒப்பந்தக்காரர் கை மீண்டும் ஓங்கிற்று. எழுத்தோ பழகப் பழகத் தங்குவது. புழங்காவிடில் ஓரிரு ஆண்டுகளில் மங்கிவிடும். 2011ஆம் ஆண்டுக் கணக்கில் அதே மாவட்டத்தில் ஏழு வயதுக்கு மேற்பட்ட பெண்களுள் ஏறத்தாழப் பத்துக்கு மூவர் எழுத்தறியாதவர் என்று பதிவாகியிருக்கிறது. இயக்கம் தோற்றது என்று நான் சொல்லமாட்டேன். கற்றவர்களைத் தாங்கிப் பிடிக்கவேண்டிய சமுதாயம், வேலை முடிந்ததென்று பாயைச் சுருட்டிற்று என்பதே என் கருத்து.

அறிவொளியில் உழைத்தவர்கள் இதை அறியாதவர் அல்லர். எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் தம் அறிவொளி அனுபவங்களை "இருளும் ஒளியும்" என்னும் நூலில் பதிவு செய்துள்ளார். புதிதாய்க் கற்றோர்க்கெனப் பெரிய எழுத்தில் சிறு நூல்கள் அச்சிடப்பட்டன. மக்கள் வாய்மொழியாகச் சொல்லிவந்த கதைகளே நூலாகி அவர்களிடம் திரும்பி வந்தன. பாட்டி சொன்ன கதையைப் பாட்டியே எழுத்துக்கூட்டிப் படிப்பதைக் காட்டிலும் சிறந்த மூன்றாம் பாடநூல் எதுவும் உண்டோ? ஆனால் இத்தகைய நூல்கள் தொடர்ந்து வரவேண்டும். வாங்கிவைக்க ஓர் இடம் வேண்டும். வாசிக்கத் தோழமை வேண்டும்.

தொடர்ச்சிக்கு எடுத்துக்காட்டாக ஒரு பங்கின் கதையைச் சொல்லலாம். தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டு மலைப்பகுதியில் சுத்தாத்தென்சா என்றோர் ஏழைச் சிற்றூர். 1947இல் அங்கு வந்த இளம் குரு ஹோசே ஹோவாக்கின் சால்செதோ சிறிய வானொலி நிலையம் ஒன்றை அமைத்தார். சிதறிக் கிடந்த குடியிருப்புகளில் வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. எழுத்தறிந்த ஓர் அயலார், விளக்கேற்றி மற்றவரை அழைத்து உட்காரவைத்து, வானொலிக் குரல் சொல்வதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவார். அவர் பட்டதாரி அல்லர். பக்கத்து வீட்டு விவசாயி. அத்துடன் நிற்கவில்லை. 1958இல் உழவர்க்கென வார இதழ் ஒன்று வந்தது; மலிவு விலையில் உழவர் நூல்வரிசை வந்தது; கேட்போர் கடிதம் எழுதலாம், பதில் உண்டு என்று அறிவித்தனர். அந்த அமைப்பு இயங்கிய ஆண்டுகளில் வந்துசேர்ந்த கடிதங்கள் பத்து லட்சத்துக்கும் மேல்! மண்ணரிப்பைத் தடுப்பது எப்படி, குழந்தையின் இருமலுக்கு என்ன செய்வது என்றெல்லாம் கேட்டு எழுதினர். எழுதியதற்குப் பதில் வரும் என்றால் யார்தாம் எழுத மறப்பார்?

நம் நாட்டில் இப்போது நடைபெறுவது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். 2022இல் தொடங்கி 2027 வரை என வகுக்கப்பட்டது. பதினைந்து வயதைக் கடந்த எவரும் சேரலாம். தமிழகத்தில் பள்ளிசாரா மற்றும் வயதுவந்தோர் கல்வி இயக்ககம் இதை நடத்துகிறது. இதிலும் கற்பிப்போர் ஊதியமில்லாத் தொண்டர்களே. அரசு பாடநூல் தரும், தேர்வு வைக்கும், சான்றிதழும் தரும். மாலையில் வீட்டுக்கு வந்து "அக்கா, வகுப்புக்கு நேரமாயிற்று, வாருங்கள்" என்று அழைக்கும் குரலை அரசு தர இயலாது. அக்குரல் தெருவிலிருந்து வரவேண்டும்.

நம்மால் ஆகக்கூடியவை பெரிய செயல்கள் அல்ல. நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு எழுதப்படிக்கத் தெரியுமா என்பதைக் கேட்டறிந்தோர் நம்முள் எத்தனை பேர்? தெரியாதெனில் வேலை நேரத்திலேயே அரைமணியைக் கழித்துக்கொண்டு, கூலியைக் குறைக்காமல் கற்றுக்கொடுக்க முடியும். வங்கியில் படிவத்தை நீட்டி "தம்பி, கொஞ்சம் நிரப்பிக் கொடு" என்போரிடம் முழுவதும் நாமே எழுதிவிடாமல், பெயரையும் ஊரையுமாவது அவரே எழுத, பக்கத்தில் பொறுமையாக நிற்கலாம். வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். கைப்பேசியில் வந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்னும் எச்சரிக்கைகூட எழுத்தாகவே வருகிறது. அதைப் படிக்க இயலாமல் அயலாரிடம் கைப்பேசியை நீட்டுவோர் சேமிப்பை இழக்கும் அபாயம் நாளும் உள்ளது.

நம் பங்குகளில் மறைக்கல்வி மன்றம் ஞாயிறு காலை நிறைந்திருக்கும். வார நாட்களில் இரவு ஏழு மணிக்குப் பூட்டியிருக்கும். மின்விளக்கும் பாயும் கரும்பலகையும் அங்கே உள்ளன. தாய்மார் படிக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்குக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓய்வுபெற்றோர் இருவர் போதும். பிள்ளைக்கு ஆள் இல்லாததாலேயே நின்றுபோகும் தாய்மார் பலர். பாடல் நூலையும் ஞாயிறு வாசகத்தையும் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தால் அதுவே வாரந்தோறும் புதிய பாடம். வகுப்பைத் தொடங்கும் முன் கண் மருத்துவர் ஒருவரை ஒரு மாலைப்பொழுது வரச் சொல்லவேண்டும். படிப்புக் கண்ணாடியை மாற்றியபின் பழையதை யாரும் எறிவதில்லை. நம் மேசை இழுப்பறைகளில் அவை எத்தனை கிடக்கின்றன என்பதை இன்றிரவே எண்ணிப் பார்த்துவிடலாம்.